குமரி மாவட்டத்திலிருந்து எழுத வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வெளிவந்திருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு, அருமனையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் தோவாளையிலிருந்தும் கையெழுத்துப் பிரதியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பலர் என் வீட்டுக்கு வருகிறார்கள். சிலர் என்னிடம் படித்த பிள்ளைகள், சிலர் என்னைவிட மூத்தவர்கள். எல்லோருக்கும் நான் "டீச்சர்"தான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கதைத் தொகுப்பை எழுதி முடித்துவிட்டேன். முதலில் எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும்?

ஒரு மாதத்துக்கு எந்தப் பதிப்பகத்துக்கும் அனுப்ப வேண்டாம். பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு எடுத்து, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோடு போட்ட இடத்தில் பெரும்பாலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள், யாரோ ஒருவரிடம் கடன் வாங்கிய வரி இருக்கும்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அவருடைய கதை இப்படித் தொடங்கியது: "பொழுது புலரும் வேளையில், பறவைகளின் இன்னிசை கேட்க, அவன் தன் பணியைத் தொடங்கினான்." நான் அவரிடம், "பொழுது புலரும்போதா வெட்டுவீர்கள்?" என்று கேட்டேன். இல்லை, மூன்று மணிக்கே போய்விடுவோம், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்றார். அந்த நேரத்தில் பறவை ஏது? பிறகு அரை மணி நேரம் அவரே பேசினார். நெற்றியில் கட்டிய விளக்கின் வட்டத்துக்குள் வருவது மட்டும்தான் தெரியும். பட்டையைச் சீவும்போது கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், முதலாளி மறுநாள் வந்து விரலால் தடவிப் பார்ப்பார். மழை தூறினால் சிரட்டையில் விழுந்த பாலும் வெள்ளத்தோடு போய்விடும், அன்றைய கூலியும் போகும். ஒட்டுப்பால் நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது, அதனால் கைக்குழந்தையைத் தூக்கத் தயங்குவேன் என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை. அவருடைய கதையில் அது இல்லை. இன்னிசை இருந்தது, குழந்தையைத் தூக்கத் தயங்கும் கை இல்லை. அவர் திரும்பிப் போய் நான்கு மாதம் கழித்து அதே கதையை மறுபடி எழுதிக்கொண்டு வந்தார். நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

பதிப்பகம், விருது, விழா எல்லாம் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் முழுமையாக இருப்பது பிரதி ஒன்றுதான். அதற்குக் கொடுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள் என்பதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பேச்சில் எழுதினால் மதுரைக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் புரியுமா?

புரியும். இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இதுவரை என் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் மலையாளத்தைப் பெரும்பான்மையாகக் கொண்ட மாநிலத்தோடு இருந்தோம். நம் தமிழ் கலப்படத் தமிழ் என்று வெளியூரார் சொல்லிச் சொல்லி, நாமும் அதை நம்பிவிட்டோம். உண்மையில் இங்கே ஒரே பேச்சு என்று ஒன்று கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு. கல்குளம், விளவங்கோடு பேச்சு வேறு. கடற்கரைப் பேச்சு அதிலும் வேறு. மரச்சீனி, சக்கை, ஏத்தன் பழம், விளை, சிரட்டை என்று நாம் சொல்லும் சொற்களைத் தவிர்த்துவிட்டு இந்த மண்ணை எழுத முயன்றால், வாடகைச் சட்டை போட்டுக் கல்யாணத்துக்குப் போனது போல இருக்கும்.

சாட்சி வேண்டுமென்றால் தேங்காப்பட்டணத்தைப் பாருங்கள். தோப்பில் முஹம்மது மீரான் அந்தக் கடலோர முஸ்லிம்களின் பேச்சிலேயே எழுதினார். முதல் நாவல் 1988-இல் புத்தகமானது. 1997-இல் சாகித்ய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. ஊர்ப் பேச்சை அவர் சலவை செய்து எழுதியிருந்தால் அந்தப் புத்தகங்களை இன்று யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

ஆனால் இரண்டு கவனம் வேண்டும். உரையாடலில் வட்டாரச் சொல்லைத் தாராளமாக விடுங்கள். கதை சொல்லும் குரலில் எந்த அளவுக்கு என்பதை முதல் பக்கத்திலேயே தீர்மானித்து, கடைசிவரை அதே அளவில் பிடியுங்கள். பாதியில் மாறினால் படிக்கிறவர் தடுமாறுவார். அடுத்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் அடைப்புக்குறி போட்டுப் பொருள் சொல்ல வேண்டாம். சொல்லைச் சுற்றியுள்ள செயலே பொருளைச் சொல்லிவிடும். "செம்பில் வெள்ளம் கொண்டுவந்து கொடுத்தாள், அவன் அண்ணாந்து குடித்தான்" என்று எழுதினால் வெள்ளம் என்றால் குடிநீர் என்பது தஞ்சாவூர்க்காரருக்கும் விளங்கும்.

இந்த வெள்ளத்தால் நானே பட்டிருக்கிறேன். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் மாவட்டம் பட்டது எல்லோருக்கும் தெரியும். அதைப் பின்னணியாக வைத்து ஒரு கதை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். அங்கே யாரோ வெள்ளம் என்ற சொல்லை மொத்தமாகத் தண்ணீர் என்று மாற்றிவிட்டார்கள். வயலுக்குள் புகுந்த புயல் வெள்ளமும் தண்ணீர் ஆகிவிட்டது. அம்மா பேரனுக்குக் கொடுத்த ஒரு குவளை வெள்ளமும் தண்ணீர் ஆகிவிட்டது. ஒரே சொல் தாகத்தையும் தீர்த்து, வீட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் அந்தக் கதையே. அச்சான பிரதியைப் பார்த்து அழுதேன். அன்றிலிருந்து கதையோடு ஒரு குறிப்பு அனுப்புகிறேன்: "கீழ்க்கண்ட சொற்கள் வட்டார வழக்கு. என்னைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்." கீழே பத்துப் பதினைந்து சொற்கள். எந்த நல்ல ஆசிரியரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

எழுத்துப் பிழை இருந்தால் பதிப்பகமே திருத்திக்கொள்ளாதா?

திருத்துவார்கள். ஆனால் முதல் பக்கத்தில் ஐந்து பிழை கண்ட ஆசிரியர் ஆறாம் பக்கம் வரை வருவது கடினம். ர, ற, ல, ள, ழ, ந, ன, ண இவற்றில் சந்தேகம் வந்தால் அகராதியைத் திறக்கச் சோம்பல்படாதீர்கள். ஒற்று மிகும் இடங்களை ஒரு நோட்டில் எழுதி மேசையில் வையுங்கள். இணையத்தில் வாணி, நாவி என்று பிழைதிருத்திகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை காட்டுவதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுங்கள். நம் வட்டாரச் சொற்களை அவை பிழை என்றுதான் சொல்லும்.

சென்னைக்குப் போகாமல் எழுத்தாளராக முடியுமா?

முடியும். காலச்சுவடு இதழ் 1988-இல் தொடங்கியதே நாகர்கோவிலில்தான். இன்று தமிழகம் முழுவதும் வாசிக்கப்படும், அதே பெயரிலான பதிப்பகமும் இங்கிருந்துதான் இயங்குகிறது. மின்னஞ்சல் வந்த பிறகு ஊர் ஒரு தடையே இல்லை. ஜனவரியில் சென்னையில் நடக்கும் புத்தகக் காட்சிக்கு ஒருமுறை போய், எந்தப் பதிப்பகம் எந்த மாதிரிப் புத்தகம் போடுகிறது என்று கடை கடையாகப் பாருங்கள். அதற்கும் வசதி இல்லையென்றால், இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, நம் மாவட்டத்திலும் நடக்கிறது. அங்கே இதே வேலையைச் செய்யலாம்.

முதலில் இதழில் வர வேண்டுமா, நேராகப் புத்தகமே போடலாமா?

சிறுகதையும் கவிதையும் என்றால் முதலில் இதழ். ஏழெட்டுக் கதை இதழ்களில் வந்திருந்தால், பதிப்பகத்துக்கு உங்கள் பெயர் புதிதாக இருக்காது. அதைவிட முக்கியம், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கதையைத் தேர்ந்தெடுத்தார் என்ற தெம்பு கிடைக்கும். உறவுக்காரர் பாராட்டில் அது கிடைக்காது. வார இதழ்களில் பக்கக் கணக்கு கறாரானது, நீளமான கதைக்கு இடம் இராது. இலக்கிய இதழ்களிலும் இணைய இதழ்களிலும் நீளத்துக்கு இடம் உண்டு. எதுவானாலும் அந்த இதழின் ஆறேழு மாத இதழ்களை நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு அனுப்புங்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் ஒரு மதியப் பொழுது போதும். நாவல் என்றால் நேராகப் பதிப்பகத்துக்குப் போகலாம். 1984 முதல் இயங்கும் நம் நாகர்கோவில் வானொலி நிலையத்தையும் மறந்துவிடாதீர்கள். ஒலிபரப்புக்காக எழுதிப் பழகினால் வாக்கியம் தானாகவே செதுக்கப்படும்.

பிரதியை எப்படி அனுப்ப வேண்டும்?

யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, வேர்ட் கோப்பாக. பழைய எழுத்துருக்களில் அடித்தால் அவர்கள் கணினியில் குறிகளாகத் தெரியும், யாரும் மாற்றிப் படிக்க மெனக்கெட மாட்டார்கள். பக்க எண், உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண். உடன் ஒரு கடிதம், பத்து வரிக்குள்: என்ன எழுதியிருக்கிறீர்கள், எத்தனை சொற்கள், முன்பு எங்கே வந்திருக்கிறது. கதையின் பெருமையை நீங்களே சொல்ல வேண்டாம்.

அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. பதிலே இல்லை.

தமிழில் மறுப்புக் கடிதம் வருவது அபூர்வம். மௌனம்தான் பெரும்பாலும் பதில். மூன்று மாதம் பொறுத்து ஒரே ஒரு முறை பணிவாகக் கேளுங்கள். பிறகும் பதில் இல்லையென்றால், வேறிடத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு இதழுக்கு அனுப்பி, இரண்டில் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் உங்களை மறக்க மாட்டார்கள், நல்லவிதமாக அல்ல. திரும்பி வந்த கதை மோசமான கதை என்று பொருளில்லை. ஆனால் நான்கு இடத்திலிருந்து திரும்பினால் மறுபடி வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

ஒரு பதிப்பகத்தார், பணம் கட்டினால் உடனே புத்தகம் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா?

நான் கட்டினேன். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் தொகுப்புக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்தேன். ஆயிரம் பிரதி அச்சடிப்போம், நூற்றைம்பது உங்களுக்கு, மீதி தமிழ்நாடு முழுக்கக் கடைகளுக்குப் போகும் என்றார்கள். தொலைபேசியில் பேசியதுதான், எழுத்தில் ஒன்றும் இல்லை. பார்சல் நாகர்கோவில் வடசேரிக்கு வந்தது. ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டைப் பிரித்து முதல் பிரதியை முகர்ந்து பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போதும் பொய் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். "உரிமை: பதிப்பகத்தாருக்கு" என்று அச்சாகியிருந்தது. என் கதைக்கு உரிமை எனக்கில்லை. நான்காவது கதையில் இரண்டு பக்கம் இடம் மாறியிருந்தது. அச்சுக்கு முன் பிழை பார்க்கக் கொடுக்கும் மெய்ப்பு என் கண்ணுக்கு வரவே இல்லை. மீதிப் பிரதிகள் எந்தக் கடையில் இருக்கின்றன என்று இரண்டு வருடம் கேட்டேன். விற்பனையாளரிடம் இருக்கிறது என்பதே பதில். என்னிடம் வந்த கட்டுகளைப் பரணில் வைத்திருந்தேன். நம் ஊரில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. மூன்றாம் வருடம் எடுத்துப் பார்த்தபோது ஓரமெல்லாம் கரையான்.

பணம் கட்டிப் புத்தகம் போடுவது குற்றமில்லை. அது அச்சகச் சேவை. சேவைக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். "உங்கள் எழுத்தைத் தேர்ந்தெடுத்தோம்" என்று சொல்லிவிட்டுக் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தேர்ந்தெடுத்த பதிப்பகம் தன் காசைப் போடும். எப்படியானாலும் எத்தனை பிரதி, என்ன தாள், யார் மெய்ப்புப் பார்ப்பது, உரிமை யாருக்கு என்பதெல்லாம் கையெழுத்தோடு தாளில் இருக்க வேண்டும். அச்சகத்தின் ரசீதையும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதிப்புரிமைச் சட்டம் 1957 எழுத்தாளருக்குச் சாதகமான சில விஷயங்களைச் சொல்கிறது. எழுதிய கணமே உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறான எண்ணம். உங்கள் ஆயுளுக்குப் பிறகும் அறுபது ஆண்டுகள் அது உங்கள் வாரிசுகளுக்கு உண்டு. உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் விட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். இதெல்லாம் தெரிந்திருந்தால், அந்த இரண்டாம் பக்க வரி என் கையெழுத்தில்லாமல் செல்லாது என்று அன்றே எழுதி அனுப்பியிருப்பேன்.

அச்சுப் புத்தக உரிமை, மின்னூல், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனி. "அனைத்து உரிமைகளும்" என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நம் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் மலையாளம். மொழிபெயர்ப்பு உரிமை நமக்குக் காகிதத்தில் மட்டும் இருக்கும் உரிமை அல்ல.

எவ்வளவு பணம் வரும்?

விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்கு வரும் பங்குதான் ராயல்டி. அது பொதுவாக விலையில் பத்து சதவீதம். இருநூறு ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் உங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய். அந்த 500 விற்க ஒரு வருடமும் ஆகலாம், நான்கு வருடமும் ஆகலாம். சிற்றிதழ்கள் பெரும்பாலும் சன்மானம் கொடுக்கும் நிலையில் இல்லை. வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகளை நான் வேலைக்குத் திருப்பி அனுப்புகிறேன்.

நானே பதிப்பித்தால் என்னென்ன செய்ய வேண்டும்?

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையவழியில் இலவசமாகவே கொடுக்கிறது. அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். டெமி என்ற புத்தக அளவில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். 160 பக்கப் புத்தகம் பத்து ஃபாரம். அச்சகத்தில் ஃபாரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால்தான் இரண்டு அச்சகங்களை ஒப்பிட முடியும். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது பிரதிகூட எடுக்கலாம். பரணில் கட்டுக்கட்டாக அடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கிண்டிலில் தமிழ் நூலை வெளியிடவும் கட்டணம் இல்லை.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், சென்னை கன்னிமாரா உட்பட மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் அனுப்ப வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. செய்யுங்கள். பரணில் இருப்பதைக் கரையான் அரித்தாலும் கன்னிமாராவில் ஒன்று இருக்கும்.

சுயபதிப்பு என்றால் தாழ்வு என்று நினைக்க வேண்டாம். ஆனால் எடிட்டருக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் கொடுக்கும் பணத்தில் கைவைக்காதீர்கள். வெளியீட்டு விழாவின் மண்டப வாடகையைக் குறைத்து அவர்களுக்குக் கொடுங்கள்.

அரசு உதவி ஏதாவது உண்டா?

உண்டு. தமிழ் வளர்ச்சித் துறை, வருமான வரம்புக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. அறிவிப்பு நாளிதழ்களில் வரும். ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. பொது நூலகத் துறை புத்தகம் வாங்க அறிவிப்பு வெளியிடும்போது பதிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தார்களா என்று நீங்கள் கேட்க வேண்டும். 35 வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் இருக்கிறது. 2012-இல் அதைப் பெற்றவர் நம் மாவட்டத்து மலர்வதி. துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையை எழுதியதற்காக.

ஊரில் நடந்த உண்மைச் சம்பவத்தை எழுதலாமா?

எழுதலாம். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. நம் ஊர்களில் விளையின், அதாவது தோட்ட நிலத்தின், பெயரைச் சொன்னாலே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தொழிலை மாற்றுங்கள், காலத்தை மாற்றுங்கள், இரண்டு ஆட்களை ஒருவராக்குங்கள். அவதூறு வழக்கு என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிது, அந்த வீட்டுப் பெண் நாளைக்கு அதே பஸ்ஸில் போக வேண்டும். கடலில் கணவனை இழந்த ஒரு அக்காவின் கதையை எழுத விரும்பினால், முதலில் அந்த அக்காவிடம் போய்க் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அவருடைய வாசலை விட்டுவிட்டு உங்களுக்கே உள்ள துக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை. வீட்டுக்கு வந்தால் சமையல், பிள்ளைகள். எப்போது எழுதுவது?

இதைக் கேட்ட பெண்ணின் விரல்களை நான் பார்த்தேன். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுத் தோல் உரிந்து கறுத்திருந்தது. நேரத்தை ஒழுங்குபடுத்து என்று அவருக்கு அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கால் நோட்டு வாங்கிக் கொடுத்தேன். கதை எழுத வேண்டாம், தினமும் பஸ்ஸில் வரும்போது அன்றைக்குக் காதில் விழுந்த ஒரு பேச்சை மட்டும், சொன்னபடியே எழுதுங்கள் என்றேன். பத்து மாதத்தில் இரண்டு நோட்டு நிரம்பியது. இப்போது அதிலிருந்து ஒரு நாவலின் மூன்று அத்தியாயம் எழுதியிருக்கிறார். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். துண்டுகளிலேயே எழுதிச் சேர்க்கலாம். வீட்டில் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமாவது அடுக்களையை ஏற்றுக்கொண்டால் இன்னும் சீக்கிரம் முடியும். இதை அவருடைய கணவரிடமும் நேரில் சொன்னேன்.

என் பிரதியை நீங்கள் படித்துப் பார்ப்பீர்களா?

பார்க்கிறேன். கண் முன்போல இல்லை, அதனால் கைபேசியில் அனுப்ப வேண்டாம். தாளின் ஒரு புறம் மட்டும் அச்செடுத்து, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் ஓரம் விட்டுக் கொண்டு வாருங்கள். முதல் பத்துப் பக்கம் போதும். பென்சில் என்னிடம் இருக்கிறது.